ஏறும்போதே இறங்கும் படிக்கட்டு

ஒரே ஒரு கிதார். வேறு எந்தச் சத்தமும் இல்லை. விரல் முதலில் தொடும் தந்தி நொடிக்கு 220 முறை அதிர்கிறது. அங்கிருந்து சுரங்கள் ஒவ்வொன்றாக மேலேறி, சரியாக இரண்டு மடங்கில், 440இல் போய் நிற்கின்றன. அடுத்த அடியில் இரண்டு தந்திகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. கீழ்த்தந்தி 220இலிருந்து 208க்கு இறங்கிவிட்டது. மேல்தந்தி 494க்கு ஏறிவிட்டது. அதற்கடுத்த அடியில் கீழே 196, மேலே 523. ஒரே கருவி, ஒரே ஆள், இரண்டு கைகள். ஆனால் காதில் விழுவது இரண்டு பேரின் நடை. ஒருவர் படியிறங்கிப் போகிறார், இன்னொருவர் படியேறிப் போகிறார், இருவரும் ஒரே படிக்கட்டில் இருக்கிறார்கள்.

1971இல் வெளிவந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' இப்படித்தான் தொடங்குகிறது. சொர்க்கத்துக்கு ஒரு படிக்கட்டு என்று பொருள். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, 8 நிமிடம் 2 விநாடி நீளத்துக்குப் பதிவுசெய்த பாட்டு. பாட்டின் பெயரைப் பாடகர் உச்சரிப்பதற்கு வெகு முன்பே கிதார் அந்தப் படிக்கட்டைக் கட்டி முடித்துவிடுகிறது. இந்தப் பாட்டில் ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் இப்படி ஒரு வேலைப்பாடு இருக்கும்.

முதலில் இறங்குபவரைப் பின்தொடர்வோம். மேற்குரல் மூன்றாம் அடியோடு ஏறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. கீழ்க்குரல் நிற்பதில்லை. 220, 208, 196, 185, 175 என்று ஐந்து சுரங்களைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையில் விரல் வைத்து, வெள்ளை கறுப்பு என்று பாராமல், ஒன்றைக்கூட விடாமல் அடுத்தடுத்த கட்டைகளை இடப்பக்கம் அமுக்கிக்கொண்டே போனால் கிடைப்பது இதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அரைச்சுரம் என்று பெயர். நம் சங்கீதக் கணக்கில் சொன்னால், மேல் சட்ஜத்தில் தொடங்கி, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று வரிசையாக இறங்குவது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் எதுவும் இரண்டு நிஷாதங்களையும் இரண்டு தைவதங்களையும் இப்படி ஒன்றாக வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் நம் காதுக்கு இந்த நடை உடனே அந்நியமாகவும் ஏதோ ஒரு விதத்தில் ஈர்ப்பாகவும் படுகிறது.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையிலான கழிவு ஒன்றுபோல் இல்லை. முதலில் 12 குறைகிறது, பிறகு 12க்குச் சற்றுக் குறைவாக, பிறகு 11, பிறகு 10. ஆனாலும் காது எல்லாப் படிகளையும் ஒரே உயரமாகவே உணர்கிறது. காரணம், காது கழித்தல் கணக்குப் போடுவதில்லை. விகிதக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு அரைச்சுரத்திலும் ஏறத்தாழ 5.6 சதவீதம் குறைகிறது. வங்கிக் கூட்டு வட்டியைத் தலைகீழாக ஓட்டியதுபோல. இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் தலைப்பக்கம் இடைவெளி விட்டும் உடல்பக்கம் நெருக்கமாகவும் இருப்பது அதே 5.6 சதவீதத்தின் உருவம்தான்.

அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் இந்தக் கீழ்க்குரலுக்கு மேற்கத்திய இசையில் தனிப் பெயரே உண்டு: புலம்பல் பேஸ். பேஸ் என்றால் அடியில் ஓடும் கனத்த குரல். இங்கிலாந்தின் ஹென்றி பர்செல் 1680களில் எழுதிய இசை நாடகத்தில், கைவிடப்பட்ட அரசி டைடோ சாவதற்கு முன் பாடும் பாடலின் அடியில் இதே நடை திரும்பத் திரும்ப வருகிறது. பாஹ் தன்னுடைய பெரும் வழிபாட்டு இசையில் ஏசு சிலுவையில் அறையப்படும் பகுதிக்கு இதையே அடித்தளமாகப் போட்டார். அழுகிற குரலைக் கவனித்தால் அது சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவுவதில்லை என்பது தெரியும், வழுக்கிக்கொண்டு இறங்கும். புலம்பல் பேஸ் அந்த வழுக்கலைப் படிப்படியாக நறுக்கி வைத்தது போன்றது. ஆக, 1971இன் இந்தக் கிதார் வரி முந்நூறு ஆண்டு அழுகையைத் தன் அடியில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏறும் ஒரு வரியைக் கோத்திருக்கிறது. ஐரோப்பிய இசை துக்கத்துக்கு ஒதுக்கி வைத்த பாதையின் மேலேயே சொர்க்கத்தின் படிக்கட்டை எழுப்பியது எனக்கு இந்தப் பாட்டின் மிகப் பெரிய சாதுரியமாகத் தோன்றுகிறது.

அந்த வரிக்குச் சொந்தக்காரர் ஜிம்மி பேஜ். பாட்டு உருப்பெற்ற இடம் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கல் வீடு. 1795இல் ஏழைகளுக்கான விடுதியாகக் கட்டியது. குளிரும் ஈரமும் நிறைந்த அந்தக் கட்டடத்துக்குக் குழு வந்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்டுடியோவில் மணிக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ராத்திரி பகல் பார்க்காமல் வாசிக்கலாம். தோன்றுவதை அங்கேயே ஒத்திகை பார்க்கலாம். கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருக்க, பேஜ் இசைக்கோவையை வாசித்துக் காட்ட, பாடகர் ராபர்ட் பிளாண்ட் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். தன் கை தானாகவே எழுதத் தொடங்கிவிட்டதுபோல் இருந்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். வரிகளில் பெரும்பகுதி அந்த ஒரே அமர்வில் வந்தது.

தானாக எழுதியது என்று சொன்னாலும் கைக்கு எங்கிருந்தோ சரக்கு வரத்தானே வேண்டும். பிளாண்ட் அந்த நாட்களில் லூயிஸ் ஸ்பென்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டாரியல் ஆசிரியரின் நூலைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய கெல்ட் இனத்தவரின் மாந்திரீக நம்பிக்கைகளைப் பற்றிய நூல் அது. பாட்டின் கதையில் ஒரு சீமாட்டி வருகிறாள். சொர்க்கத்துக்குப் போகும் படிக்கட்டையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. பிறகு காடு வருகிறது, குழலூதி வருகிறான், வசந்த விழாவின் அரசி வருகிறாள். அந்தச் சீமாட்டி யார், அவளுக்குப் படிக்கட்டு கிடைத்ததா என்று பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தின் உள்ளுறையில் இந்த ஒன்றின் வரிகளை மட்டும்தான் அச்சிட்டார்கள். பழங்காலக் கலை இதழ் ஒன்றில் பேஜ் கண்டெடுத்த எழுத்துருவில், ஏதோ சுவடியிலிருந்து பெயர்த்தெடுத்ததுபோல. ஆல்பத்தின் வெளியுறையில் குழுவின் பெயர்கூட இல்லை. தலைப்பும் இல்லை. இசை தானே பேசட்டும் என்ற பிடிவாதம்.

கிதார் ஒரு சுற்று முடித்ததும் பக்கத்தில் ஒரு குழலோசை வந்து சேருகிறது. அது ரெக்கார்டர் என்ற மரக்குழல், பாரம்பரிய ஐரோப்பியக் கருவி. நம் புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடித்து, உதட்டைக் குவித்து, துளையின் விளிம்பில் காற்றைக் கூராகப் பாய்ச்ச வேண்டும். அது கைகூட மாதங்கள் ஆகும். ரெக்கார்டரில் அந்தச் சிரமத்தைக் கருவியே ஏற்றுக்கொள்கிறது. வாயில் நேராக வைத்து ஊதினால், உள்ளே ஒரு குறுகிய வழி காற்றை ஒழுங்குபடுத்தி ஒரு கூரிய விளிம்பில் மோத விடுகிறது. காற்று விளிம்பின் மேலும் கீழுமாக நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாறி மாறிப் பாய, குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண் அதிரத் தொடங்குகிறது. போக்குவரத்துக் காவலரின் விசிலும் இதே தத்துவம்தான். பேஸ் கிதார்க்காரரான ஜான் பால் ஜோன்ஸ் ரெக்கார்டர் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவுசெய்தார். நாடாவில் தனித்தனித் தடங்கள் இருந்ததால் ஒரே மனிதர் ஒரு குழல் கூட்டமாக மாற முடிந்தது.

மேடையில் என்ன செய்வது? ஒரு மனிதருக்கு ஒரே வாய். அங்கே ஜோன்ஸ் மெல்லோட்ரான் என்ற விந்தைப் பெட்டியை நாடினார். பார்க்க ஆர்மோனியம் போலக் கட்டைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே யாரோ வாசித்துப் பதிவுசெய்த ஒரே ஒரு சுரம். கட்டையை அமுக்கினால், எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் உருளையில் நாடா ஒட்டிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். விரலை எடுத்தால் சுருள்வில் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். நாடாவின் நீளம் சுமார் 8 விநாடி. அதற்கு மேல் ஒரு சுரத்தைப் பிடித்துவைத்தால் நாடா தீர்ந்து சத்தம் நின்றுபோகும். நம் தாத்தா காலத்து டேப் ரெக்கார்டர்கள் முப்பத்தைந்தை ஒரு பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியதுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்றைய கீபோர்டுகளில் பொத்தானைத் தட்டினால் வயலினும் குழலும் வருகின்றனவே, அவற்றின் மூதாதை இது.

இனி, பாட்டில் இல்லாத ஒன்றைப் பற்றி. இரண்டு நிமிடம் போகிறது. மூன்று நிமிடம். நான்கு நிமிடமும் கடந்துவிட்டது. இன்னும் டிரம்ஸ் ஒலிக்கவில்லை. லெட் செப்பலினின் டிரம்ஸ்காரர் ஜான் போனம், அந்தத் தலைமுறையின் மிக வலுவான கைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அவரைப் பாட்டின் முதல் பாதி முழுவதும் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். நான்கேகால் நிமிடம் கழிந்த பின்பே அவருடைய முதல் அடி விழுகிறது. அதுவரை தாளத்தைக் கேட்பவரின் உடல்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. அந்த முதல் அடி விழும்போது, இவ்வளவு நேரம் தூக்கி வந்த சுமையை யாரோ தோளிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டதுபோல் ஒரு நிம்மதி. பாட்டைப் பலமுறை கேட்டவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் அது நிகழ்கிறது. ஒரு வாத்தியத்தைச் சேர்ப்பதால் வரும் விளைவைவிட அதை ஒளித்துவைப்பதால் வரும் விளைவு பெரிது என்பதைக் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அதே சமயம் இன்னொரு விஷயமும் நம் கவனத்துக்கு வராமல் நடக்கிறது. பாட்டு வேகம் பிடிக்கிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு எழுபது சொச்சம் துடிப்புகள். நிதானமாக உட்கார்ந்திருப்பவரின் நாடி போல. முடியும்போது அதைவிட வெகு விரைவு. பேஜ் 1960களில் லண்டன் ஸ்டுடியோக்களில் கூப்பிட்ட பாட்டுக்கெல்லாம் கிதார் வாசித்துப் பிழைத்தவர். அந்தத் தொழிலில் முதல் பாடமே, எது நடந்தாலும் வேகத்தைக் கூட்டாதே என்பதுதான். கூட்டுபவருக்கு மறுநாள் அழைப்பு வராது. அந்த விதியைத் தெரிந்தே உடைக்க வேண்டும் என்பது இந்தப் பாட்டைப் பற்றிய அவருடைய ஆதி எண்ணங்களில் ஒன்று. வேகம் ஒரே தாவலில் கூடியிருந்தால் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே அது ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. மலைப்பாதையில் போகும் பேருந்துக்குள் இருப்பவருக்கு எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்று தெரியாது, ஜன்னல் வழியே கீழே பார்த்தால்தான் தெரியும். கடைசி நிமிடத்தைக் கேட்டுவிட்டு உடனே முதல் நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.

நடுப்பகுதியில் ஒலி பளபளக்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு தந்திக் கிதாரின் வேலை அது. அதில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கனத்த நான்கு ஜோடிகளில் ஒரு தந்திக்கு அதன் மேல் ஸ்தாயித் துணை. மெல்லிய இரண்டு ஜோடிகளில் இரண்டும் ஒரே சுருதி. ஒரே சுருதி என்றாலும் இரண்டு தந்திகளும் மயிரிழை வித்தியாசத்தில்தான் இருக்கும். ஒன்று 440, இன்னொன்று 441 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு முறை இரண்டின் அதிர்வுகளும் ஒன்றாகச் சேர்ந்து பெருக்கும், பிறகு ஒன்றையொன்று அடக்கும். பள்ளி இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தது நினைவிருக்கும். ஆறு ஜோடிகளும் தத்தம் வேகத்தில் விம்மும்போது ஒலி நீரின் மேல் வெயில்போல் மின்னுகிறது. இதையும் சாதாரண ஆறு தந்திக் கிதாரையும் மேடையில் மாற்றி மாற்றி எடுக்க நேரமில்லை என்பதால், பேஜ் இரண்டு கழுத்துள்ள கிப்சன் கிதாரை வாங்கினார். மேல் கழுத்தில் பன்னிரண்டு தந்தி, கீழ்க் கழுத்தில் ஆறு. அந்தச் சிவப்புக் கிதார் இன்று அவருடைய சின்னமாகவே ஆகிவிட்டது. ஒரு பாட்டை முழுசாக வாசிக்க முடியாத சங்கடம்தான் அதைக் கொண்டுவந்தது.

ஏறக்குறைய ஆறாவது நிமிடத்தில் தனிக்கிதார் வெடிக்கிறது. அப்போது பேஜின் கையில் வழக்கமாக இருந்தது வேறு கிதார். இதற்காக, சக கிதார்க் கலைஞர் ஜெஃப் பெக் முன்பு பரிசளித்த 1959ஆம் ஆண்டு டெலிகாஸ்டர் மின்கிதாரை எடுத்தார். லண்டனின் பாசிங் தெருவில் இருந்த ஐலண்ட் ஸ்டுடியோவில், எழுதி வைத்துக்கொள்ளாமல், மூன்று முறை வாசித்தார். மூன்றும் மூன்று விதம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று உலகமெங்கும் மாணவர்கள் சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்யும் அந்த 50 விநாடி, கற்பனாசுரம் போல அந்த நேரத்தில் பிறந்தது.

மின்கிதார் பாடும் விதமும் நின்று பார்க்கத் தக்கது. தந்தியின் கீழே காந்தங்கள். அவற்றைச் சுற்றி மயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலுங்கி, கம்பியில் மின்னோட்டம் துளிர்க்கிறது. சைக்கிள் டைனமோ விளக்கெரிவதும் இப்படித்தான். அங்கே சக்கரம் சுழல்கிறது, இங்கே தந்தி துடிக்கிறது. அந்தத் தனிக்கிதாரில் சுரங்கள் அழுவதுபோல் மேலே நெளிவதற்குக் காரணம், இடதுகை விரல் தந்தியைக் குறுக்கே தள்ளி முறுக்கேற்றுவது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்பும் அதே இயற்பியல்.

அந்தத் தனிக்கிதாருக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று கவனித்தபோது எனக்குப் புல்லரித்தது. கனத்த குரல் மூன்றே சுரங்களில் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் வந்த ஐந்து படிகளில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது. அதாவது அதே படிக்கட்டு, அதே தொடக்கம், அதே முடிவு. இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறார்கள். தயங்கித் தயங்கி அரைச்சுரமாக இறங்கியவர்கள் இப்போது ஓடுகிறார்கள். அதற்கு மேலே கிதாரும், பிறகு பிளாண்டின் உச்சக்குரலும் ஏறிக்கொண்டே போகின்றன. பாட்டின் தொடக்கத்தில் ஒரு கிதாருக்குள் நடந்த அந்த ஏற்ற இறக்கத்தை இப்போது ஒரு முழுக் குழு நடத்துகிறது. பிறகு எல்லாம் அடங்கி, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், தனிக்குரல் மட்டும் தலைப்பைச் சொல்லி முடிக்கிறது.

இதை வட்டத்தட்டில் பதித்தபோது ஒரு பொறியியல் சிக்கல் காத்திருந்தது. கிராமஃபோன் எல்.பி. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேல் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி விளிம்பில் ஊசி விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளத்தைக் கடக்கிறது. நடு லேபிளை நெருங்கும்போது வட்டம் சிறுத்து, அதே விநாடியில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. நொடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் ஒரு கூரிய ஒலியின் ஒரு அலை, வெளியே 0.05 மில்லிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கும், உள்ளே 0.02 மில்லிமீட்டருக்குள் முடங்க வேண்டும். தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் இது. அதனால் ஆரவாரமான பாட்டுகளை வெளி விளிம்பிலும் அமைதியான பாட்டுகளை உள்பக்கமும் வைப்பது நல்லது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. அதன் மிக உரத்த, மிக வேகமான பகுதி தட்டில் இடம் மிக நெருக்கமான மூலையில் விழுந்தது. அந்த நெருக்கடியிலிருந்துதான் கோடிக்கணக்கான ஊசிகள் அந்த உச்சக்குரலைத் தோண்டி எடுத்திருக்கின்றன.

கோடி என்று சொல்வது மிகையில்லை. 1971 நவம்பர் 8 அன்று வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளுக்கான சான்று கிடைத்திருக்கிறது. இந்தப் பாட்டோ அமெரிக்கக் கடைகளில் தனித்தட்டாக வரவேயில்லை. சுருக்கித் தரச் சொன்னபோது குழு மறுத்துவிட்டது. பாட்டு வேண்டுமென்றால் ஆல்பத்தையே வாங்க வேண்டும். எட்டு நிமிடப் பாட்டை யார் ஒலிபரப்புவார்கள் என்ற கேள்விக்கு, எதிர்பாராத மூலையிலிருந்து விடை வந்திருந்தது. ஒரே நிறுவனம் நடத்தும் ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் நாள் முழுக்க ஒரே நிகழ்ச்சியை இரட்டிப்பாக ஒலிபரப்பக் கூடாது என்று 1960களின் நடுவில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போட்டது. எஃப்.எம். நிலையங்களுக்குத் திடீரென்று நிரப்ப வேண்டிய நேரம் மலைபோல் குவிந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய ஏ.எம். ஒதுக்கிய நீண்ட பாட்டுகளை அவை ஆசையோடு எடுத்துக்கொண்டன. ஓர் அரசாங்க விதி இல்லாவிட்டால் இந்தப் படிக்கட்டு இத்தனை வீடுகளுக்குள் வந்திருக்காது.

மக்கள் முன் இந்தப் பாட்டு முதன்முதலாக ஒலித்தது ஆல்பம் வருவதற்கும் முன்பு, 1971 மார்ச் 5 அன்று, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் உள்ள அல்ஸ்டர் மன்றத்தில். கலவரங்கள் நிறைந்த நகரம். கூட்டம் தெரிந்த பாட்டுகளுக்காகக் காத்திருந்தது. இதைக் கேட்டு அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஜோன்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். நான்கேகால் நிமிடம் டிரம்ஸ் வராத ஒரு பாட்டை முதல் தடவை கேட்பவர்களின் நிலை அது.

புகழ் வந்ததும் அச்சமும் வந்தது. 1982இல் அமெரிக்காவில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது: பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானைப் போற்றும் வார்த்தைகள் கேட்கின்றன என்று. கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றின் முன்பு பாட்டைத் திருப்பி ஓட்டிக்கூடக் காட்டினார்கள். கேட்டவர்களுக்குக் கேட்கவும் செய்தது. இதை ஆராயப் புகுந்த கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும் 1985இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் விவிலியத்தின் 23ஆம் சங்கீதமும் ஒன்று. அதைப் பின்னோக்கி ஓட்டினால் பேசுவது ஆணா பெண்ணா என்று மக்களால் சொல்ல முடிந்தது. பொருள் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் இன்ன வாசகம் வருகிறது, கேளுங்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அந்த வாசகம் தெளிவாகக் கேட்டுவிட்டது. மூளை ஒலியை வெறுமனே வாங்கிக்கொள்ளும் பாத்திரமில்லை. அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு கணமும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. குழப்பமான ஒலி வந்தால் தன்னிடம் இருக்கும் ஊகத்தை அதன்மேல் போர்த்திவிடுகிறது. மேகத்தில் யானையைக் காட்டிய பிறகு யானையைப் பார்க்காமல் இருக்க முடியாததுபோல. நம் குழந்தைகளின் தாலாட்டைத் திருப்பி ஓட்டினாலும், சொல்லிவைத்தால், சாத்தான் பேசும்.

நீதிமன்றத்துக்கும் போனது இந்தப் பாட்டு. ஸ்பிரிட் என்ற அமெரிக்கக் குழுவின் ராண்டி கலிபோர்னியா 1968இல் 'டாரஸ்' என்ற வாத்திய இசையை வெளியிட்டிருந்தார். அதிலும் ஒரு கிதார் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குகிறது. இரு குழுக்களும் ஒரே மேடையில் வாசித்ததும் உண்டு. ராண்டி 1997இல் இறந்துவிட்டார். அவருடைய அறக்கட்டளை சார்பில் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். இங்கேதான் சட்டத்தின் ஒரு விநோதம் எட்டிப் பார்க்கிறது. 'டாரஸ்' வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி உரிமை, அலுவலகத்தில் பதிவுசெய்த தாளில் எழுதியிருந்த சுரங்களுக்கு மட்டுமே. அதனால் உலகம் கேட்ட ஒலிப்பதிவை ஒப்பிட்டுப் பார்க்க நடுவர் குழுவுக்கு அனுமதியில்லை; தாளில் இருந்ததை இசைக்கலைஞர்கள் வாசித்துக் காட்டினார்கள். 2016இல் நடுவர் குழு லெட் செப்பலின் பக்கம் நின்றது. 2018இல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு. 2020 மார்ச்சில் பதினொரு நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பையே உறுதிசெய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு முடிந்தது.

ராண்டியின் இசையை மதிப்பவன் நான். அந்த மென்மையான வாத்தியத்துண்டு இன்னும் பலர் கேட்க வேண்டியது. ஆனால் இறங்கும் ஐந்து சுரங்களுக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா? டைடோ அரசிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கடனாளிகள்தான். இரண்டிலும் கீழ்க்குரல் இறங்குகிறது. மேலே எந்தக் குரல் அதற்கு எதிராக ஏறுகிறது என்பதில்தான் 'ஸ்டேர்வே' தன் வழியில் பிரிந்து போகிறது.

2012 டிசம்பரில் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் பேஜ், பிளாண்ட், ஜோன்ஸ் மூவரையும் கௌரவித்தார்கள். மூவரும் மாடத்தில் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். போனம் 1980இலேயே இறந்துவிட்டார். மேடையில் ஹார்ட் குழுவின் நான்சி வில்சன் கிதாரைத் தொடங்க, அக்கா ஆன் பாடினார். பின்னால் டிரம்ஸில் போனமின் மகன் ஜேசன், அப்பா அணிந்ததுபோன்ற வட்டத்தொப்பியுடன், கையில் குச்சிகளோடு தன் முறைக்காகக் காத்திருந்தார். அவருடைய முதல் அடி விழுந்தது. பின்னர் திரை விலகி, அதே தொப்பிகளோடு ஒரு பெரிய பாடகர் கூட்டம் எழுந்து நின்று பாடியது. மாடத்தில் பிளாண்டின் கண்கள் நிறைந்திருந்தன.